செல்லாத நோட்டும் செல்லும் நோட்டும்: பழைய வெளிநாட்டுப் பணத்தின் வரலாறு

வெளிநாடு சென்று திரும்பியவர்களின் வீட்டில், மேசை இழுப்பறையிலோ பிஸ்கட் டப்பாவிலோ அந்த நாட்டுப் பணம் கொஞ்சம் தங்கிவிடுவது வழக்கம். பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்க்கும்போது அந்த நாடு நோட்டின் வடிவத்தை மாற்றியிருக்கும்; அல்லது அந்தப் பணத்தையே கைவிட்டிருக்கும். அப்படி நீக்கப்பட்ட பணத்துக்கு இன்னும் மதிப்பு உண்டா, அதை என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் பலர். இதற்கு ஒரே விடை கிடையாது. நாட்டுக்கு நாடு விடை மாறும். சில நாடுகளில் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நோட்டு கடையில் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதை வெளியிட்ட மத்திய வங்கி திரும்ப வாங்கிக்கொண்டு புதுப் பணம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்த பிறகும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்று இருக்கலாம். பெரும்பாலானவர்கள் முதல் விடையோடு நின்றுவிடுகிறார்கள். ஊரில் உள்ள பணமாற்று நிலையத்தில் கேட்பார்கள். “இதெல்லாம் செல்லாதுங்க” என்பார் அவர். நோட்டு மறுபடி டப்பாவுக்குள் போய்விடும். அவர் சொல்வது பொய்யில்லை. புழக்கத்தில் இல்லாத நோட்டை வாங்கினால் அவரால் அதை விற்க முடியாது. ஆனால் அவர் சொல்வது முடிவான விடையும் இல்லை.

ஒரு பிஸ்கட் டப்பா

2022-ஆம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவி ஒருவர் ஒரு தகர டப்பாவுடன் வீட்டுக்கு வந்தார். அவருடைய தந்தை தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து 1998-இல் ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். “சார், அப்பா இதைத் தொடவே விடமாட்டார். என்றைக்காவது உதவும் என்பார். இது குப்பையா, பணமா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

டப்பாவில் இருந்தவை: ஜெர்மனியின் 10 மார்க் நோட்டு இரண்டு, 100 மார்க் நோட்டு ஒன்று, இத்தாலியின் 1,000 லீரா மூன்று, 50,000 லீரா ஒன்று, பிரான்சின் 50 பிராங்க் இரண்டு, ஸ்பெயினின் 1,000 பெசெட்டா இரண்டு, நெதர்லாந்தின் 50 கில்டர் ஒன்று, பெல்ஜியத்தின் 100 பிராங்க் ஒன்று, மேலும் ஒரு கைப்பிடி நாணயங்கள். ஹாம்பர்க், ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஜெனோவா, மார்சேய், பார்சிலோனா என்று அவர் கண்ட துறைமுகங்கள் எல்லாம் அதில் இருந்தன. இந்த ஆறு நாடுகளின் பணமும் ஒரே நாளில் முடிவுக்கு வந்தவை. 1999 ஜனவரி 1 அன்று வங்கிக் கணக்குகளில் பிறந்த யூரோ, 2002 ஜனவரி 1 அன்று 12 நாடுகளில் நோட்டாகவும் நாணயமாகவும் கைக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் பழைய பணங்கள் கடைகளை விட்டு நீங்கின. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 லீரா என்று மாற்று விகிதம் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. இந்த விகிதம் இனி ஏறாது, இறங்காது. ஆனால் எத்தனை ஆண்டு வரை மாற்றித் தருவது என்பது அந்தந்த நாட்டின் முடிவுக்கு விடப்பட்டது. ஒரே நாளில் ஓய்வு பெற்ற ஆறு நோட்டுகளின் கதி வெவ்வேறாகப் போனதற்கு அதுவே காரணம்.

மார்க்

10 மார்க் நோட்டில் கணித மேதை காஸின் படம் இருக்கும். பக்கத்திலேயே அவர் பெயரால் வழங்கும் மணி வடிவ வளைகோடும் அதன் சமன்பாடும் அச்சிடப்பட்டிருக்கும். புள்ளியியல் பாடம் நடத்தும்போது காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. இந்த நோட்டு இன்றும் உயிருள்ள பணம். 1948 முதல் வெளியான மார்க் நோட்டுகளையும் நாணயங்களையும் ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் காலவரம்பு இல்லாமல், தொகை வரம்பு இல்லாமல், கட்டணம் இல்லாமல் யூரோவாக மாற்றித் தருகிறது. டப்பாவில் இருந்த 120 மார்க்கின் மதிப்பு 61 யூரோ 36 சென்ட். இன்னும் 1,200 கோடி மார்க்குக்கு மேல் திரும்பி வராமல் இருக்கிறது என்று அந்த வங்கியே சொல்கிறது.

ஜெர்மனி இவ்வளவு தாராளமாக இருப்பது ஏன்? அந்நாட்டு மக்கள் பணத்தின் சாவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1923 நவம்பரில் 1 லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒரே ஒரு புது மார்க் என்ற நிலை வந்தது. 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் ரைக்ஸ்மார்க் ஒழிக்கப்பட்டபோது சேமிப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பலருக்கு மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட மக்களிடம் மார்க்கைக் கைவிடும்படி கேட்கும்போது, உங்கள் நோட்டு என்றும் சாகாது என்று சொல்ல வேண்டிய தேவை இருந்தது என்பது என் கருத்து.

ஆனால் அதே நாட்டின் கிழக்குப் பாதியின் பணத்துக்கு இந்தப் பேறு கிடைக்கவில்லை. 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனியின் மார்க் மேற்கு மார்க்குடன் இணைக்கப்பட்டது. வயதுக்கேற்ப 2,000 முதல் 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. கையில் இருந்த பணத்தை வங்கிக் கணக்கில் போட்டால்தான் மாறும். நாள் கடந்ததும் கதவு அடைக்கப்பட்டது. திரும்பி வந்த நோட்டுகள் சுமார் 3,000 டன். அவற்றை ஹால்பர்ஷ்டாட் நகருக்கு அருகில் ஒரு மலைச் சுரங்கத்தில் கொட்டி மூடினார்கள், மட்கிவிடும் என்று. மட்கவில்லை. 2001-இல் இரண்டு இளைஞர்கள் துளை போட்டு உள்ளே இறங்கி நோட்டுகளை அள்ளி வந்தனர். புழக்கத்துக்கே வராத 200, 500 மார்க் நோட்டுகள் திடீரென்று சேகரிப்பாளர் சந்தையில் தலைகாட்டியதால்தான் விஷயம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு சுரங்கத்தில் மீதியிருந்த அனைத்தையும் எடுத்து எரித்தார்கள். ஆக, கிழக்கு ஜெர்மனி நோட்டு உங்களிடம் இருந்தால் அது சேகரிப்புப் பொருள் மட்டுமே.

லீரா

1,000 லீரா நோட்டைக் கையில் எடுத்ததும் நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருப்பவர் மரியா மாண்டிசோரி. பி.எட். படித்தவர் எவரும் அவரைப் படிக்காமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர். நம் ஊரில் பாடம் நடத்திய ஒருவரின் படம் போட்ட வெளிநாட்டு நோட்டு என்பது அரிதானது. அதைச் செல்லாக்காசாகப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

லீராவை 10 ஆண்டுகள், அதாவது 2012 பிப்ரவரி இறுதி வரை மாற்றிக்கொள்ளலாம் என்று இத்தாலி முதலில் சட்டம் செய்திருந்தது. கெடு முடிய இன்னும் 12 வாரங்கள் இருந்த நிலையில், கடன் நெருக்கடியில் சிக்கியிருந்த மரியோ மோன்டியின் அரசு 2011 டிசம்பர் 6 அன்று ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. அன்றே மாற்றும் வசதி நின்றது. திரும்பி வராத லீராவின் மதிப்பு அரசுக் கருவூலத்துக்குச் சேர்ந்தது. கடைசி மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

சிலர் வழக்குத் தொடுத்தனர். 2015 நவம்பரில் இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்கள் சட்டத்தை நம்பிக் காத்திருந்ததை அரசு ஒரே நாளில் முறித்தது தவறு என்பது தீர்ப்பின் சாரம். மகிழ்ந்தவர்கள் அதிக நாள் மகிழவில்லை. அந்த 12 வாரங்களுக்குள் மாற்றித் தரும்படி கேட்டோம் என்று ஆதாரத்துடன் காட்டுபவர்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும் என்று நடைமுறை வகுக்கப்பட்டது. செல்லாது என்று அரசே அறிவித்த பிறகு எத்தனை பேர் வங்கிக்குப் போய் எழுத்தில் கேட்டிருப்பார்கள்? தூத்துக்குடியில் ஓய்வில் இருந்த ஒரு மாலுமிக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்கவே முடியாது. அவருடைய 53,000 லீரா 27 யூரோ 37 சென்ட் பெற்றிருக்கும்.

மற்ற நோட்டுகள்

பிரான்சின் 50 பிராங்க் நோட்டில் குட்டி இளவரசன் கதையை எழுதிய விமானி செந்தெக்சுபெரி இருக்கிறார். அதன் கெடு 2012 பிப்ரவரி 17-இல் முடிந்தது. ஸ்பெயின் தன் பெசெட்டாவுக்கு 2020 டிசம்பர் 31 என்று கெடு வைத்து, கொரோனா காரணமாக 2021 ஜூன் 30 வரை நீட்டியது. மாணவி டப்பாவைக் கொண்டுவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பெல்ஜியத்தின் நோட்டுகளுக்குக் கெடு இல்லை. அதன் நாணயங்களுக்கு 2004 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் கெடு வைக்கவில்லை. கிரேக்கமும் பின்லாந்தும் 2012-இல் அடைத்துவிட்டன; போர்ச்சுகல் 2022 பிப்ரவரி இறுதியில் அடைத்தது. நெதர்லாந்தின் கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் இருக்கிறது. பின்னால் யூரோவுக்கு மாறிய குரோஷியா, 2023-இல் தன் குனா நோட்டுகளுக்குக் கெடு வைக்கவில்லை.

கூட்டிப் பார்த்தோம். டப்பாவில் உயிருடன் இருந்தது 86 யூரோ 53 சென்ட். இறந்தது 54 யூரோ 63 சென்ட்.

யூரோவுக்கு வெளியே இருக்கும் நாடுகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1861 முதல் வெளியான டாலர் நோட்டுகள் எல்லாம் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். நம் ஊர்ப் பணமாற்று நிலையங்கள் பழைய டாலரை வாங்க முகம் சுளிப்பது அவர்கள் வசதிக்காக, சட்டத்தால் அல்ல. இங்கிலாந்து வங்கி தான் விலக்கிக்கொண்ட பவுண்டு நோட்டுகளை எக்காலத்திலும் மாற்றித் தரும். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது; ஆனால் வங்கியில் மாறும். சுவிட்சர்லாந்து முன்பு 20 ஆண்டுக் கெடு வைத்திருந்தது. 2020 முதல் அதை நீக்கி, 1976-இல் தொடங்கிய வரிசையிலிருந்து எல்லா நோட்டுகளையும் காலவரம்பின்றி ஏற்கிறது.

தொலைவில் இருந்தவர்கள்

கெடு என்பது பெரும்பாலும் உள்ளூர்க்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்படுவது. அவர் செய்தித்தாளில் படிப்பார், வங்கிக்கு நடந்து போவார். கடலில் இருப்பவரும் வேறு நாட்டில் இருப்பவரும் கணக்கில் வருவதில்லை. இதைத் தமிழர்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள்.

மலாயாவை 1942-இல் பிடித்த ஜப்பானியர் தங்கள் சொந்த டாலர் நோட்டை அச்சிட்டார்கள். 10 டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் ‘வாழைமர நோட்டு’ என்றே அதற்குப் பெயர். பிறகு வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் மூன்றரை ஆண்டுகள் அந்த நோட்டில்தான் பிழைப்பு நடத்தினார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்து ஆங்கிலேயர் திரும்பியதும் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். இன்று மலேசியாவில் அது பழம்பொருள் கடைச் சரக்கு. ஏராளமாக மிஞ்சியிருப்பதால் விலையும் பெரிதாக இல்லை.

பர்மாவின் கதை இன்னும் நீளம். 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கியது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கையில் ரொக்கம் வைத்து வணிகம் செய்த இந்தியர்களுக்கு இது பெரிய அடி. அந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். சென்னைக் கடற்கரையில் உள்ள பர்மா பஜார் அவர்களுக்காக அமைந்ததுதான். அந்த நாடு அதோடு நிற்கவில்லை. 1985-இல் 20, 50, 100 கியாட் நோட்டுகள் போயின. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் எந்த ஈடும் இல்லாமல் செல்லாதவையாயின. அவற்றுக்குப் பதில் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன. கணக்கு வாத்தியார் மகிழலாம், மக்கள் மகிழவில்லை. அடுத்த ஆண்டு நாடே தெருவுக்கு வந்தது.

நம் நாட்டையும் விட்டுவிட முடியாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு 2017 ஜூன் 30 வரை கெடு கிடைத்தது. ஆனால் அவர்கள் நேரில் வர வேண்டும். விமான நிலையச் சுங்கத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அதன் பின் ரிசர்வ் வங்கியின் சென்னை உள்ளிட்ட ஐந்து அலுவலகங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக துபாயிலிருந்து விமானம் ஏறுவது யாருக்குக் கட்டுபடியாகும்? நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் வசித்த இந்தியர்களுக்கு இந்த வசதியும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த வெளிநாட்டுப் பயணிகளின் பையில் கிடந்த நம் நோட்டுகள் அப்படியே காகிதமாயின. 2017-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். ஆய்வுக்காகவும் நாணயவியலுக்காகவும் 25 வரை வைத்திருக்கலாம். 2023-இல் திரும்பப் பெற்ற 2,000 ரூபாய் நோட்டை அப்படிச் செய்யவில்லை. அது இன்னும் சட்டப்படி செல்லும் பணமே. ரிசர்வ் வங்கி அலுவலகங்களுக்குத் தபாலிலும் அனுப்பலாம்.

கையில் இருப்பதை என்ன செய்வது?

முதலில், நோட்டில் அச்சாகியிருக்கும் வங்கியின் பெயரைப் பார்த்து, அந்த மத்திய வங்கியின் இணையதளத்துக்குப் போக வேண்டும். இடைத்தரகர் தளங்கள் வேண்டாம். அவை கழிவு பிடித்துக்கொண்டே தரும். புண்டெஸ்பாங்க் போன்றவை படிவத்துடன் அஞ்சலில் வரும் நோட்டையும் ஏற்கின்றன. ஆனால் இந்தியாவிலிருந்து பணநோட்டைத் தபாலில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தொலைந்தாலும் கேட்க முடியாது. அந்த நாட்டில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் உறவினரிடம் கொடுத்தனுப்புவதே நல்லது.

இன்னும் புழக்கத்தில் உள்ள வெளிநாட்டு நோட்டு என்றால் நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பயணத்திலிருந்து திரும்பிய 180 நாட்களுக்குள் மீதியை ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். நாணயங்களுக்கு வரம்பு இல்லை. வரம்பு இல்லாததில் வியப்பும் இல்லை, அவற்றை எந்தப் பணமாற்று நிலையமும் வாங்குவதில்லையே! விமானங்களில் 1987 முதல் யுனிசெஃப் நடத்திவரும் சில்லறை சேகரிப்புத் திட்டம் இந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான். இருக்கைக்கு வரும் உறையில் எந்த நாட்டு நாணயத்தையும் போடலாம். எல்லாம் சேர்ந்து குழந்தைகளுக்கான பணிக்குப் போகும். விமானம் விட்டு இறங்கும் முன் கொடுத்துவிடுவது நல்லது; வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும்.

சேகரிப்பாளரிடம் விற்கும் ஆசை பலருக்கு உண்டு. பெரும்பாலான நோட்டுகளுக்கு அங்கே முகமதிப்புக்கூடக் கிடைக்காது. விதிவிலக்குகள் இருக்கின்றன. ஜிம்பாப்வே 2009-இல் வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டை (1-க்குப் பின் 14 சுழியங்கள்) 2015-இல் அந்நாட்டு வங்கி 40 அமெரிக்க சென்ட்டுக்கு எடுத்துக்கொண்டது. சேகரிப்பாளர்கள் அதற்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள். அதேபோல 1974 வரை அடிக்கப்பட்ட ஜெர்மனியின் வழக்கமான 5 மார்க் நாணயத்தில் 7 கிராம் வெள்ளி இருக்கிறது. மத்திய வங்கி கொடுக்கும் 2 யூரோ 56 சென்ட்டைவிட அந்த வெள்ளிக்கு விலை அதிகம். டப்பாவில் அப்படி ஒன்று இருக்குமா என்று தேடிப் பார்த்தோம், இல்லை.

மாணவியின் சித்தி மகன் ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது மார்க் நோட்டுகளை எடுத்துச் சென்றார். மத்திய வங்கிக் கிளையில் எண்ணிப் பார்த்து, விகிதப்படி யூரோ கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பணத்தில் அவருடைய அம்மாவுக்கு ஒரு குளிர்காலப் போர்வை வாங்கி அனுப்பினார். தூத்துக்குடி வெயிலில் அதை யார் போர்த்துவது என்பது வேறு விஷயம்.

மாண்டிசோரி நோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டார். வகுப்புகளுக்குப் பேசப் போகும்போது எடுத்துச் செல்கிறேன். சூரியகாந்தி போட்ட 50 கில்டர் நோட்டு மட்டும் இன்னும் டப்பாவில் இருக்கிறது. 22 யூரோ 69 சென்ட். ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர் யாரும் இதுவரை அமையவில்லை.